ஓட்டத்தில் கை வைக்கக் கூடாது

போன கிழமை ஸ்கான் அறையில் என்னை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து என் இதயத்தை எனக்கே காட்டினார்கள். கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளை இதழ்கள் திறக்கப் பார்த்து, முடியாமல் துடித்துக்கொண்டிருந்தன. "வால்வு பழையபடி இறுகிப்போச்சு, அம்மா. மாத்தவேணும். இதயத்தைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைச்சிட்டு, மெஷினால இரத்தத்தை ஓடவிட்டுச் செய்வம்" என்றார் டொக்டர். இளம் பிள்ளை. 'நிப்பாட்டி' என்ற சொல்லைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். கிழவிக்குப் பயத்தில் மூளை தட்டிவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம்.

அப்பா இருந்திருந்தால் அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும். அவர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் குழாயும் வால்வும் பூட்டுகிற பிற்றர். ஆள் படலைக்கு வருமுன்னே எண்ணெய் வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். அவருடைய உடுப்புக்கு அம்மா தனிக் கொடி வைத்திருந்தார். எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தபோது வால்வைக் கழற்றப்போன கூட்டாளி ஒருவரின் கை போனதை அப்பா கண்ணால் கண்டவர். அதன்பிறகு கிணற்றடிக் குழாய் சொட்டினால்கூட, தண்ணீரைப் பூட்டாமல் தொடமாட்டார். "ஓட்டத்தில கை வைக்கக் கூடாது." எங்கள் வீட்டுத் தேவாரம் அதுதான்.

எனக்குச் சின்ன வயதில் தொண்டை நோவும் மூட்டு வீக்கமுமாக ஒரு காய்ச்சல் வந்தது. மாறிவிட்டது என்று எல்லோரும் மறந்துபோனோம். அது மூட்டை விட்டு நெஞ்சில் குடியேறியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடப் படி ஏறினால் மூச்சு வாங்கும். சோம்பேறி என்று பெயரெடுத்தேன், அது முழுப் பொய்யுமில்லை. ஒருநாள் இருமலோடு இரத்தம் வந்ததும் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்.

டொக்குத்தர் ஒரு கடதாசியில் நாலு அறை கீறினார். உடம்பெல்லாம் ஓடிக் களைத்த இரத்தம் வலது மேலறைக்கு வரும். அங்கிருந்து கீழறைக்கு இறங்கும், கீழறை அதைச் சுவாசப்பைக்குத் தள்ளும். சுவாசப்பையில் காற்றை வாங்கிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறைக்கு இறங்கும். அதுதான் பலசாலி, உடம்பு முழுவதற்கும் அனுப்புவது. போகிற வழியெல்லாம் ஒருபக்கம் மட்டும் திறக்கும் வால்வுகள்.

"அப்ப ரெண்டு பம்பு!" அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆனா டொக்குத்தர், இடதை வலதில கீறிப்போட்டியள்."

"இது உங்களுக்கு முன்னால இருக்கிற ஆளின்ர நெஞ்சு, ஐயா. மகளைப் பாருங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

"இடப்பக்கத்து ரெண்டு அறைக்கும் நடுவில இருக்கிற வால்வு ஒட்டிப்போச்சு. இரத்தம் பின்னுக்கு, சுவாசப்பையில தேங்குது. கொழும்பில நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குள்ள விரலை விட்டு விரிச்சுவிடுவினம்."

"ஓட்டத்தை எதில நிப்பாட்டுவினம்?"

"நிப்பாட்ட ஏலாது. துடிக்கத் துடிக்கத்தான் செய்யிறது."

"அப்ப வேண்டாம்" என்று அப்பா எழும்பிவிட்டார்.

டொக்குத்தர் சொன்னது அப்பாவுக்கு விளங்காமல் இல்லை, நன்றாக விளங்கியதுதான் வினை. நான் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்து மூச்செடுப்பேன். அவர் பக்கத்தில் இருந்து என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உங்கட வால்வு இறுகினா எண்ணெய் நாளைக்கு ஓடும். இவளுக்கு நாளைக்கு எண்டு ஒண்டு இருக்கோ?"

அப்பா வாய்விட்டு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் கடதாசியில் ஒப்பம் வைத்தார்.

கொழும்பில் எனக்கு நினைவு திரும்பிய அன்று, கத்தி வைத்த பெரிய டொக்குத்தர் கட்டிலடிக்கு வந்தார். வேறொன்றும் கேட்காமல், "எந்த விரல் ஐயா?" என்றார் அப்பா. அவர் சிரித்துக்கொண்டு சுட்டுவிரலைக் காட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த விரல் விரித்துவிட்ட வால்வு கலியாணம், இரண்டு பிள்ளைப்பேறு, இடப்பெயர்வு எல்லாவற்றையும் தாங்கியது. இனி அப்படி விரல் விடுகிற வேலையும் இல்லையாம். அப்பாவும் அம்மாவும் என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் போனில் "யோசியாதேங்கோ அம்மா, செய்யுங்கோ" என்றார்கள். டொக்டரும் செய்யலாம் என்கிறார், பக்கத்து வீட்டாரும் செய்யலாம் என்கிறார்கள். நேற்று நானே போய் ஒப்பம் வைத்துவிட்டு வந்தேன். எனக்காகப் பயந்து 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.