சான்றிதழ் பார்க்காமல் அடித்தவர்கள்

என் அண்ணனை அடித்தவர்கள் யாரும் அவனிடம் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவன், அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஊர்த் தெருவில் ஹாரன் அடித்துவிட்டான். அதுதான் குற்றம். மூன்று பேர் வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு, எங்கள் சாதிப் பெயரைச் சொல்லிச் சொல்லியே அடித்தார்கள். தினமும் அந்த வழியாகப் போகிறவன் யார், எந்தத் தெரு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அண்ணனுக்கு உதடு வீங்கிப் பேச்சு வரவில்லை. காவல் நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடச் சொன்னேன். ஏட்டு சான்றிதழ் கேட்டார். கொடுத்தேன். படித்ததும் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"கிறிஸ்டியன்னு போட்டிருக்கேம்மா. அப்போ நீங்க எஸ்.சி. கெடையாது, பி.சி. அந்த செக்‌ஷன் வராது."

தாத்தா ஞானஸ்நானம் வாங்கிய அன்றே எங்கள் சாதி கழுவப்பட்டுவிட்டதாம். சர்க்கார் நம்புகிறது. அந்த மூன்று பேருக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

சரி, வேறு சட்டத்திலேயே போடுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையையாவது எழுதுங்கள் என்றேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எதற்காக அடித்தார்கள் என்பது ஏதாவது ஒரு தாளில் இருக்க வேண்டும். அசிங்கமான வார்த்தையெல்லாம் ரெகார்டில் வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொன்னார். வாயால் சொல்லலாம், சொல்லி அடிக்கலாம், எழுதினால் மட்டும் அசிங்கம்.

'வழிவிடுவதில் ஏற்பட்ட வாய்த்தகராறு' என்று டைப் அடித்தார். வருடக் கடைசியில் கணக்கெடுத்தால் எங்கள் வட்டாரத்தில் சாதி வெறுப்பே இருக்காது. ரோடு மட்டும்தான் குறுகலாக இருக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். உள்ளே அவர் காவலரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அந்தக் காலனி ஆளுங்கள உள்ள வரச்சொல்லு. கையெழுத்துப் போட்டுட்டுப் போவட்டும்."

அண்ணன் வீங்கிய உதட்டோடு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போனேன், பேனாவை வாங்கினேன், அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே எழுதினேன்: 'அடித்தவர்கள் எங்கள் சாதியைச் சொல்லி அடித்தார்கள். எங்கள் சாதி என்னவென்று இந்த ஏட்டுக்கும் தெரியும்.'

தாளைப் பாழாக்கிவிட்டதாக ஏட்டு கத்தினார். அண்ணன் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதற்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.