கருப்புக் கண்ணாடியோடு ஒரு மணப்பெண்

கல்யாணத்துக்குக் காண்டாக்ட் லென்ஸ் வேண்டும் என்று மகள் கேட்டாள். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போய், அவளுடைய பழைய கண்ணாடியின் பவர் சீட்டை நீட்டினேன்.

கண் பரிசோதிக்கும் பெண், “இது போதாது அங்கிள். கண்ணாடி வெளிய நிக்குது, லென்ஸ் கருவிழி மேலயே உட்காருது. வளைவை அளக்கணும், கண்ணீர் போதுமான்னு பாக்கணும். போட்டுப் பாத்துட்டு அடுத்த வாரமும் வரணும்” என்றாள்.

“நான் இன்ஜினியர்லா. கடைக்காரி எனக்குப் பாடம் நடத்துறியா?” என்று இளக்காரமாகச் சிரித்தேன். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய், எந்த அளவும் எடுக்காமல் அதே பவரில் லென்ஸ் வாங்கி வந்தேன்.

“உறுத்துதுப்பா” என்றாள் மகள்.

“பழகிடும். நடிக்காதே.”

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்தப் பெண்ணிடமே ஓடினோம். மகளுக்குக் கண்ணீர் சுரப்பது குறைவாம், கருவிழியில் கீறல். உடனே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

நல்லவேளை, பார்வை போகவில்லை. ஆனால் மகள் மணவறையில் கருப்புக் கண்ணாடியோடுதான் உட்கார்ந்தாள். அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள், “என்ன ஸ்டைலா?” என்று சிரிப்பார்கள்.

“இல்ல, அவ அப்பன் படிச்ச மடையன்” என்று நானே சொல்லிவிடுவேன்.