ஒரு ராத்திரிக்கு எவ்வளவு சாமான்?

ஒரு ராத்திரி வெளியே தங்கிவிட்டு வர, சைக்கிளில் என்னென்ன கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது சைக்கிள் கடைக்காரரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். தையல் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, போட்டோ ஸ்டூடியோ நடத்தி அல்லாடும் என் சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்குப் புதிதல்ல. "நீங்க சும்மா இருங்க, எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி வாடிக்கையாளர்கள் தங்கள் இஷ்டப்படி செய்துகொள்வார்கள். ஏதாவது கோணலானால் நம்மிடம்தான் வந்து நிற்பார்கள். நான் சைக்கிள் கடை வைத்திருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அங்கே நடந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

இடது பக்கச் சுவர்

கடை என் கணவரின் அப்பாவுடையது. மாமா தன் காலமெல்லாம் விற்றது குழந்தைகள் சைக்கிளும், முன்னால் கூடை வைத்த பள்ளிக்கூடத்து சைக்கிளும்தான். என் கணவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டதால் கடைக்கு நான் வந்தேன். வந்தவள் சும்மா இருக்கவில்லை. இடது பக்கச் சுவரில் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டுப் பைகளை மாட்டினேன். ஹேண்டில்பாரில் கட்டும் உருளைப் பை, பிரேமின் முக்கோணத்துக்குள் அடங்கும் பை, சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பை. கேரியரே தேவையில்லை. கூடாரம், பாய், மாற்றுத் துணி எல்லாவற்றையும் சைக்கிளின் உடம்போடு வார் போட்டு இறுக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். இதற்கு பைக்பேக்கிங் என்று பெயர். மருமகள் சைக்கிளுக்கெல்லாம் சட்டை மாட்டிவிடுகிறாள் என்று மாமா வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பைகளை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள், வாங்கத்தான் தயங்கினார்கள். போகிற இடத்தைக் காட்டினால்தானே பையைப் பற்றி யோசிப்பார்கள் என்று, நானே ஒரு பயணம் ஏற்பாடு செய்தேன். சனிக்கிழமை காலை கிளம்பி, சிதம்பரத்தில் சாப்பிட்டுவிட்டு, கிள்ளைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. நான்கு பேர் சேர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கடையில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள அந்த ஒரு சுவர்தான் இருந்தது, அது நிற்குமா போகுமா என்பது இந்தப் பயணத்தில் தெரிந்துவிடும். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"போய்ட்டு வாம்மா, நான் வேணாங்கல. ஆனா அதுல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, சைக்கிளக் குட்டியானை வண்டில ஏத்திக்கிட்டுத் திரும்பி வந்தாலும் அந்தச் செவுரு மறுபடியும் பாப்பா சைக்கிளுக்குத்தான்."

தலையணை

முதலில் சாமான் கட்ட வந்தவர் சுந்தர் சார், வங்கி அதிகாரி. நல்ல சைக்கிள் வைத்திருக்கிறார், நிதானமான மனிதர். கூடாரத்தையும் பாயையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பிறகு காரின் பின்சீட்டிலிருந்து ஒரு முழுத் தலையணையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். இலவம் பஞ்சு. உறையில் மயில் எம்பிராய்டரி. இதை ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள் என்றார்.

கட்டிக் காட்டினேன். சொன்னால் கேட்காதவர்களுக்குக் காட்டுவதுதான் ஒரே வழி. தலையணைக்கு மேலே கைகளை வைக்க இடமில்லை, பிரேக் லீவர் விரலுக்கு எட்டவில்லை, எதிரே ரோடும் பாதிதான் தெரிந்தது. கடைக்கு எதிரே இருக்கும் மைதானத்து ஓரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு அவரே இறங்கிவிட்டார். முன்னால் கூடாரம் மட்டும் போதும் சார், ராத்திரி மாற்றுத் துணியை ஒரு பையில் திணித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாங்களெல்லாம் அப்படித்தான் செய்வோம் என்றேன். 'நாங்களெல்லாம்' என்று நான் சொன்னது என்னை ஒருத்தியைத்தான். சுந்தர் சார் மயிலைத் தடவியபடி சொன்னார்:

"துணிய மூட்டை கட்டித் தலைக்கு வெக்கச் சொல்றீங்களே, நான் என்னா பஸ் ஸ்டாண்டுலயாம்மா படுக்கப் போறேன்?"

பெரிய பை

அடுத்து வந்தவர்கள் சேத்தியாத்தோப்பிலிருந்து இரண்டு மச்சான்கள். பாலாஜி, அவர் தங்கையைக் கட்டிய குமார். ஒருவர் டீ குடித்தால் இன்னொருவர் டீயும் வடையும் சாப்பிட்டாக வேண்டும், அப்படி ஒரு பாசம். பாலாஜி நடுத்தர அளவில் ஒரு சீட் பை எடுத்தார். உடனே குமார் சுவரில் இருந்ததிலேயே பெரியதைக் கழற்றிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், குமார் குள்ளம். அவர் காலுக்குத் தகுந்தபடி சீட்டைத் தாழ்த்தினால், பெரிய பை பின் டயரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பத்தடி உருட்டினாலே கரகரவென்று தேய்க்கிறது. சரி என்று அவர் சீட்டை உயர்த்தினார். பை தப்பித்தது, பெடல் எட்டவில்லை. பாலாஜிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பைக்குத் தகுந்த மாதிரி ஆளை இழுத்து நீட்ட என்னிடம் டூல்ஸ் கிடையாது என்று குமாரிடம் எடுத்துச் சொன்னேன். டயர் தேய்ந்தால் வழியிலேயே பஞ்சர், பஞ்சரானால் வண்டி பிடிக்க வேண்டும், வண்டி பிடித்தால் என் சுவர் போய்விடும். இதில் கடைசியை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். குமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மச்சான் காதில் விழாமல் சொன்னார்:

"அக்கா, அவன் பையவிட என்து ஒரு விரக்கட ஜாஸ்தியா இருந்தாப் போதும், டயரு தேஞ்சாலும் பரவால்ல."

பாதி ஆஸ்பத்திரி

நான்காவது ஆள் ஸ்டெல்லா, நர்ஸ். சைக்கிளில் தினமும் டியூட்டிக்குப் போகிறவள், மிதிக்கத் தெரிந்தவள். இவளால் தொல்லை இருக்காது என்று நினைத்தேன். கனமான சாமான் கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும், அதனால் டியூப், பம்ப், ஸ்பேனர் எல்லாம் பிரேம் பைக்குள் போகட்டும் என்று எல்லோருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் பிரேம் பை நிறைந்துவிட்டது. பஞ்சு, பேண்டேஜ், கையுறை, கத்தரிக்கோல், பெரிய பாட்டில் நிறைய ஸ்பிரிட்.

ஒரு ராத்திரிக்குப் பாதி ஆஸ்பத்திரியா என்று கேட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். நான் வெளியே வைக்க வைக்க, அவள் திரும்ப உள்ளே வைத்தாள். பாட்டிலையாவது விட்டுவிட்டு வா, அது நிறைய கனம் என்றேன். ஸ்டெல்லா ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நீங்க ஸ்பேனர் எடுத்தாரதுக்கு நான் ஏதாவது சொன்னனாக்கா? அது வண்டிக்கு, இது ஆளுக்கு."

பொட்டு

முந்தின நாளே எல்லா சைக்கிளிலும் சாமானைக் கட்டிக் கடைக்குள் நிறுத்தியிருந்தோம். குமாரின் பெரிய பையைப் பாதி மட்டும் நிரப்பி, டயரைத் தொடாதபடி தூக்கிக் கட்டியிருந்தேன். சனிக்கிழமை விடியலில் நான் போனபோது ஷட்டர் திறந்திருந்தது. வாசல் தெளித்து, ஊதுவத்தி ஏற்றி, ஐந்து சைக்கிளையும் வரிசையாக வெளியே நிறுத்தியிருந்தார் மாமா. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். ஹேண்டில்பாரில், பிரேமில், சீட்டுக்குக் கீழே எல்லாம் சந்தனம் குங்குமம். அவர் கையிலிருந்து ஒரு சைக்கிளும் பொட்டில்லாமல் போனதில்லை, பொம்மை மாதிரி மூன்று சக்கர வண்டியாக இருந்தாலும் சரி. என் பயணம் நடக்காமல் போனால் நல்லது என்று நினைக்கிற மனுஷன் என்று நான் எண்ணியிருந்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

விடியற்காலை ரோடு காலி, அதுவரை யாருக்கும் பிரேக் பிடிக்க வேலை வரவில்லை. சிப்காட் தாண்டுவதற்குள் வந்தது வினை. ஷிப்ட் பஸ் ஒன்று கேட்டிலிருந்து திரும்பியது. முன்னால் போன சுந்தர் சார் பிரேக் பிடித்தார். ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஊளைச் சத்தம். சத்தம்தான் வந்தது, சைக்கிள் நிற்கவில்லை. அவர் இரண்டு காலையும் தரையில் தேய்த்து, ரோட்டோர மணலில் இறங்கி, கூடாரத்தின்மேல் கவிழ்ந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். நல்லவேளை, மனிதருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். டிஸ்க் பிரேக்கின் தட்டு செக்கச்செவேல் என்றிருந்தது. மற்ற சைக்கிள்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படியே.

மாமா விற்ற சைக்கிள்களில் ரப்பர் கட்டை பிரேக்தான். பளபளவென்று வட்டமாக ஒரு தட்டு இருந்தால் அது பொட்டு வைக்கத்தானே என்று வைத்துவிட்டார். அதுவும் வழியில் காற்றில் உதிர்ந்துவிடக் கூடாது என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறார். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் செத்த மாதிரிதான். எல்லாச் சாமானும் எடுத்து வந்த நான் இதற்கு ஒன்றும் எடுத்து வரவில்லை. பிரேக் இல்லாமல் யாரையும் ஓட்டவிட முடியாது. குட்டியானைக்குப் போன் செய்ய வேண்டியதுதான் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். சுவர் என் கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா பிரேம் பையின் ஜிப்பைத் திறந்தாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கும் உயிர் வந்தது. பிரேக் பேடுகளைக் கழற்றி, பஞ்சர் ஒட்டும் டப்பாவில் இருந்த உப்புத்தாளில் மேல் எண்ணெய் போகும்வரை தேய்த்தேன். யார் தட்டு அதிகமாகப் பளபளக்கிறது என்று மச்சான்கள் இருவரும் போட்டியில் இறங்கிவிட்டார்கள். மாட்டி முடித்து, ஒவ்வொரு சைக்கிளையும் நானே ஓட்டி, வேகமாகப் போய்ப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அவர்களிடம் கொடுத்தேன். லேசாக முனகியது, ஆனால் நின்றது. ஸ்டெல்லா பாட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இப்ப சொல்லுங்கக்கா, பாதி ஆஸ்பத்திரி போதுமா, இல்ல மீதியையும் எடுத்தாந்திருக்கணுமா?"

தேங்காய் வண்டி

அதன் பிறகு பயணம் ஜோராகப் போனது. சிதம்பரத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டோம். தோப்பில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தும் ஒரு கூடாரமும் சாயவில்லை. கூடாரம் அடிக்கத் தெரிந்தவள் என்று இதை மட்டும் நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

காலையில் சுந்தர் சார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்த வேகத்தில் இறங்கினார். உட்காரும் இடம் முழுக்கப் புண். அந்த நேரம் பார்த்துத் தோப்புக்காரரின் குட்டியானை தேங்காய் ஏற்றிக்கொண்டு கடலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பின்னால் இடம் இருக்குது சார், ஏத்திக்கலாம் என்றார் டிரைவர். சுந்தர் சார் என்னைப் பார்த்தார். மாமா சொன்ன நிபந்தனை இவர்கள் யாருக்கும் தெரியாது. சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துவிடுவார். என் சுவருக்காக ஒரு மனிதர் ரணத்தோடு அத்தனை தூரம் மிதிப்பதா என்று மனசு கேட்கவில்லை. "ஏறிக்கங்க சார், ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் என் வார்களை இறுக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் அவர் வண்டியை அனுப்பிவிட்டுத் தன் கூடாரப் பையைக் கொட்டிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து, கூடாரத் துணியோடு சேர்த்துச் சுருட்டப்பட்டு, நசுங்கிப் போய் வெளியே வந்தது மயில் தலையணை. அதை இரண்டாக மடித்து சீட்டின்மேல் வைத்து, என் வாரையே வாங்கி இறுக்கிக் கட்டினார். சைக்கிள் தெரிந்த யாரும் அதைச் சரி என்று சொல்ல மாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சுந்தர் சார் கையைக் காட்டி நிறுத்தினார்:

"தலைக்கு வேணாம்னு சொன்னீங்க, சரி. இதுக்கும் வேணாம்னு சொல்லிடாதீங்கம்மா."

மாமாவின் தீர்ப்பு

நாங்கள் மஞ்சக்குப்பத்துக்குள் நுழைந்தபோது மாமா கடைக்கு வெளியே ஸ்டூல் போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். மாமா எழுந்து எங்களை விரல்விட்டு எண்ணினார். எல்லோரும் மிதித்துத்தான் வந்திருந்தோம். சுந்தர் சார் மயில்மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பிறகு என் சைக்கிளின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து தட்டை உற்றுப் பார்த்தார்.

அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த பஸ்ஸைச் சொல்ல வேண்டும், மணலைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பட்டினியாக வாசலில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. பிரேக் பிடிச்சதுல பொட்டு தேஞ்சு போச்சு மாமா என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். கண்ணில் அப்படி ஒரு திருப்தி.

"நான் வெச்ச பொட்டுதாம்மா ஒங்க எல்லாரையும் கொண்டாந்து சேத்துது. செவுரு ஒன்துதான், வெச்சுக்க. அடுத்த வாட்டி போறப்ப முன்னாடியே சொல்லு, இன்னும் கொஞ்சம் எண்ணெ ஜாஸ்தியா விட்டு, அழியாத மாதிரி வெச்சு அனுப்புறேன்."

இப்போது என் சுவரில் பைகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிட் பாட்டிலும் தொங்குகிறது, ஏனென்றால் இந்தத் தொழிலில் பாதி வேலை வேண்டியதை இறுக்கிக் கட்டுவது, மீதி வேலை ஆசையாகப் பூசியதைத் தெருமுனை தாண்டியதும் துடைப்பது.