நைரோபியில் ஐந்து நாள், சறத்தில் கட்டிய தூள்

மகள் நைரோபியில் தண்ணீர்த் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவளது இரண்டு வருட ஒப்பந்தம் ஓகஸ்டில் முடிய இருந்தது. வீட்டுக்குத் திரும்பி வருவாயா என்று போனில் கேட்டால், "பாப்பம் அப்பா" என்று சொல்லி நெட்வேர்க்கைக் குறை சொல்வாள். நேரே போய்க் கேட்பதென்று ஜூலையில் லீவு எடுத்தேன். சிட்னியில் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஆபிரிக்காவில் என்ன அலுவல் என்று டிப்போவில் கேட்டார்கள். சிங்கம் பார்க்க என்று சொல்லி வைத்தேன்.

சிட்னியின் புறநகரான டூங்கபியில் வீட்டைப் பூட்டியதிலிருந்து, டுபாய் வழியாக, 26 மணித்தியாலம். இறங்கியதும் 'வந்திட்டன்' என்று செய்தி எழுதினேன். எழுதிய பிறகுதான் அதை அனுப்ப சிட்னியில் ஆளில்லை என்பது நினைவு வந்தது. மனைவி போய் மூன்று வருடம். விரல்களுக்கு இன்னும் தெரியவில்லை.

கென்யாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகத் தடை. விசா அலுவல் பார்க்கும்போதே மகள் சொன்னவள், நான் தலையாட்டினேன். எங்கள் ஆட்கள் பெட்டி அடுக்குவது தெரியும்தானே. நானே வறுத்து அரைத்த மூன்று கிலோ மிளகாய்த்தூளை சுப்பர்மார்க்கெட் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று சுற்றியிருந்தேன். சுங்க அதிகாரி, ஒரு பெண், ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆங்கிலத்தில்தான் பேசினோம், எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"உள்ளுக்கை இன்னும் இருக்கோ?"

"ஓம்."

ஏழாவது பையில் அவருக்குத் தும்மல் வந்தது. "தூளைக் கொண்டு போங்கோ. பையை விட்டிட்டுப் போங்கோ."

இடுப்பில் கட்டக் கொண்டுவந்த நல்ல சறம் ஒன்றை விரித்து, தூளைக் கொட்டி, முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டபடி வெளியே வந்தேன். மகள் வேலையில். அவள் அனுப்பிய டிரைவர் ஜோசப் காத்திருந்தார். மகள் இருக்கும் வெஸ்ட்லண்ட்ஸுக்கு 20 கிலோமீற்றர், கட்டணச் சாலையால் 25 நிமிடம், கார்க் கூலி 2,200 ஷில்லிங். அப்போது ஒரு அவுஸ்திரேலிய டொலருக்கு ஏறத்தாழ 85 ஷில்லிங்.

மகள் காலை ஏழரைக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வருவாள். வந்தாலும் லப்டொப்பும் கூடவே வரும். குசினியில் அடுப்புக்கு மேலே, நான் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஒட்டியிருந்தாள். நான்கு நாளும் பட்டியலும் நானும்தான்.

தாயை இழந்த யானைக்குட்டிகளின் காப்பகம் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை மட்டும், முன்பதிவு கட்டாயம். இரவில் ஒவ்வொரு குட்டியோடும் ஒரு பராமரிப்பாளர் படுப்பாராம், தனியே விட்டால் பால் குடிக்காதாம். எனக்கு அந்தத் தகவல் தேவையில்லாமல் இருந்தது. ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி கொடுக்க 1,500 ஷில்லிங். நாக்கு எங்கள் வீட்டுத் தோட்டக் குழாய் அளவு நீளம்.

மத்தாத்து என்னும் தனியார் மினிபஸ்ஸில் கட்டாயம் ஏறுங்கள். நகர மையத்துக்கு 80 ஷில்லிங். உடம்பு முழுக்க ஓவியம், உள்ளே டிவி, கதவில் தொங்கும் நடத்துநர். மஞ்சள் விளக்குக்கே பிரேக் போட்டுப் பதினேழு வருடம் ஓட்டிய என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

மையத்திலுள்ள வட்டக் கோபுரத்தின் உச்சியிலிருந்து முழு நகரமும் தெரியும். படம் எடுக்கச் சொல்லிக் காவலாளியிடம் போனைக் கொடுத்தேன்.

"நடுவிலை வாங்கோ ம்ஸே. பக்கத்திலை ஒருத்தரும் இல்லையே."

ம்ஸே என்றால் பெரியவர், மரியாதைச் சொல். முந்திய படங்களைப் பார்த்தேன். யானை, ஒட்டகச்சிவிங்கி, எல்லாவற்றிலும் இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நிற்கிறேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. மகளோடு கரூரா காட்டில் நடந்தோம். நகருக்குள்ளேயே மூங்கிலும் அருவியும் உள்ள காடு. அருவிவரை நடந்தும் கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"அப்பா, நான் இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் பண்ணிட்டன்."

"எப்ப?"

"நீங்கள் டிக்கெட் போட்ட அண்டைக்கு. போனிலை சொன்னா வராமல் விட்டிடுவியள் எண்டு சொல்லேல்லை."

"நல்லதுதான்" என்றேன். 26 மணித்தியாலம் சுமந்து வந்த கேள்வியைக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது கேட்டாள். "அந்தத் தூள் எவ்வளவு காலத்துக்கு வரும்?"

"ஆறு மாசம். நீ ஒழுங்காச் சமைச்சால்."

"கொஞ்சம் கருகின மணம். அம்மாவின்ரை மாதிரி இல்லை."

"முதல் தடவைதானே பிள்ளை."

"அப்ப ஆறு மாசத்திலை ரெண்டாந்தரம் வறுத்துக்கொண்டு வாங்கோ. நான் லீவு போடுறன். பட்டியலை ரெண்டுபேருமாப் பாப்பம்."

போகிறவர்களுக்கு: ஜூலையில் காலைக் குளிருக்குச் சுவெட்டர் வேண்டும். பயண அனுமதியை ஒன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். ஒரு பயணத்துக்கு மட்டும்தான், திரும்பப் போவதானால் புதிதாக எடுக்க வேண்டும். சறத்தை மகள் தரவில்லை, தூள் மணம் போகவில்லையாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், கடதாசிப் பை போதும். டூங்கபியில் பத்துப் பை வாங்கி, குசினிக் கதிரையில் எடுத்து வைத்திருக்கிறேன்.