எந்தப் பக்கம் துடிக்கிறது?

முதலில் துடித்தது இடது கண் இமை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பொம்பளைக்கு இடப்பக்கம் துடிச்சா நல்லதுடி. வேலை நெலைக்கப் போவுது பாரு" என்று சொல்லிவிட்டு மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வைத்திக்குப்பத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிரெஞ்சுக்காரர்கள் போன மூன்றாம் வருடம், நான் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியிலேயே சின்ன வகுப்புக்கு என்னைத் தற்காலிக ஆசிரியையாக எடுத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் தலைமை மதர் வகுப்பில் வந்து உட்காருவார். அதைப் பொறுத்துத்தான் வேலை நிரந்தரம்.

துடிப்பு இமையோடு நிற்கவில்லை. கெண்டைக்கால், தோள், வலது கை என்று தோலுக்கு அடியில் இறால் துள்ளுவதுபோலத் துள்ளியது. பிறகு விரல்கள் நடுங்கத் தொடங்கின. மாலையானால் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஈரக் கயிற்றை முறுக்குவதுபோல வலி.

அடுத்த வீட்டு மாமா கட்டுமரம் தள்ளப் போகும்முன் எங்கள் வாசலில் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

"பாப்பா, இன்னிக்கு எந்தப் பக்கம்?"

"ஏன் மாமா, கடலு என்னைக் கேட்டுக்கிட்டா மீன் குடுக்குது?"

"இடப்பக்கம்னு சொன்ன, வலை நெறைய வஞ்சிரம். வலப்பக்கம்னு சொன்ன, வலையே பூடுச்சி. நீ படிச்ச புள்ள, பொய் சொல்ல மாட்ட."

என் படிப்புக்குக் குப்பத்தில் கிடைத்த மரியாதை இதுதான். உள்ளே போய் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், விரல்களை நீட்டச் சொன்னார். "நரம்புதான். வேற ஒண்ணும் புலப்படல. கல்யாணம் பண்ணி வைம்மா, சரியாயிடும்."

"கல்யாணம் பண்ணா கை ஆடாதுங்களா?" என்றாள் அம்மா. "அப்ப எங்க வூட்டுக்காரருக்கு ஏன் ஆடுது?"

அப்பாவின் கை சாராயத்தில் ஆடியது. என் கை எதில் ஆடுகிறது என்று சொல்ல ஆள் இல்லை.

கடற்கரை மணலை வறுத்துத் துணியில் கட்டி அம்மா ஒத்தடம் கொடுப்பாள். பள்ளியில், பிடி நழுவாமல் இருக்கச் சாக்குக்கட்டியில் துணி சுற்றிக்கொண்டேன். சொல்வதெழுதுதல் பாடத்தை அதிகமாக வைத்தேன். கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தபடியே வாசிக்கலாம். ஆனால் பிரெஞ்சுக் காலத்திலிருந்து தினமும் கரும்பலகையில் கிழமையும் தேதியும் பிரெஞ்சில், எழுத்துகளைக் கோத்தெழுதும் கூட்டெழுத்தில் இருந்தாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எழுத்துப் பழகுவார்கள். அதற்காகக் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போவேன். அழித்து அழித்து, கை சற்று அடங்கும் நேரம் பார்த்து எழுதி முடிப்பேன்.

மதர் வந்த அன்றும் பலகை அழகாக இருந்தது.

"நல்லாருக்கு" என்றார். "அழிச்சிட்டு இப்ப எழுதுங்க. கை போற விதத்தைப் பிள்ளைங்க பாக்கணும்."

அழித்தேன். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினேன். முதல் எழுத்தே முள்கம்பிபோல வந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மதர் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சிலேட்டிலும் என் நடுக்கம் இருந்தது. பலகையில் உள்ளதை அப்படியே எழுத வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். ஒரு நெளிவைக்கூட அவர்கள் விடவில்லை.

மதர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். "லீவு முடிஞ்சு பாக்கலாம். அதுக்குள்ள சரி பண்ணிக்குங்க."

பெயர்கூடத் தெரியாத ஒன்றை எப்படிச் சரி செய்வது? கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்களோ என்று "சரி மதர்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் விடிகாலையில் வாசலில் மாமா.

"எந்தப் பக்கம் பாப்பா?"

"ரெண்டு பக்கமும்தான் மாமா."

அவர் யோசித்தார். "அப்ப வலையும் கிழியும், மீனும் கெடைக்கும்னு வச்சிக்குவோம்" என்று துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்கு நடந்தார். அன்றைய தேதியை எழுத நான் சாக்குக்கட்டியில் துணியைச் சுற்றத் தொடங்கினேன்.