முகம் தெரியும் தூரம்

கல்யாணமான மறுமாதம் சேலத்தில் வேலை கிடைத்ததும் மனைவியோடு பறந்து வந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் அமைந்தது ஒற்றை அறைதான். நாமக்கல் பக்கத்து எங்கள் வீடோ முன்கட்டு, பின்கட்டு என்று நீளும்.

புறப்படும்போது அப்பா என் மனைவியைப் பற்றிச் சொன்னார்: "முன்கட்டுலிருந்து கூப்பிட்டா பதிலே இல்ல. அத்தனை திமிரு. அங்கியும் இப்படியே இருந்தா அவ அப்பனூட்டுக்கே அனுப்பிரு, சாமி."

இங்கே அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கேலியும் செய்தாள். "இத்தனை வேகமாப் பேசினா வாய் சுளுக்கிக்குமுங்க!"

ஒரு காலை, சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டையை எடுத்தபடி தண்ணீர் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் அவள்பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே போய்க் குனிந்தேன்.

"ஏம்புள்ள, காது கேக்காதா?"

முறம் அவள் கையில் நின்றது. "மொகத்தப் பாத்தாப் புரியுமுங்க. உங்க ஊட்டுலதான் மருமக தலை நிமிரக் கூடாதே. சொன்னா அனுப்பிருவீங்கன்னு பயந்துட்டேன்."

அடுத்த மாதம் அப்பா வந்தார். அந்த அறையில் அவள் எதிரில்தான் அவரும் உட்கார வேண்டியிருந்தது. "நிமிந்து பாத்துப் பேசு" என்றேன். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

பெரிய வீடாகப் பார் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனமில்லை. இங்கே எந்த மூலையில் நின்று பேசினாலும் என் முகம் அவளுக்குத் தெரிகிறது.