மேட்டில் மட்டும் அழுத வண்டி

வாடகைக்கு ஒரு பழைய பிக்கப் வைத்துப் பிழைப்பவர்கள் வீட்டில் சோறு கொதிக்கும் வாசனையைப் பெட்ரோல் வாசனை முந்திக்கொள்ளும். அப்படி ஒரு வண்டியோடு குடித்தனம் நடத்தியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கலாம்.

பள்ளம் பார்த்த வண்டி

ஐம்பதுகளின் கடைசியில் நான் இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கண்டியில் கல்லூரி வரை படித்துவிட்டு டிரைவர் மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டவள். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன பிக்கப்தான் எங்கள் சொத்து. மரக்கறி, கல்யாண வீட்டார், நோயாளி எல்லாம் அதில்தான் போகும். செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்துப்போன வண்டி. முன்னால் சுற்றிக் கிளப்பும் கைப்பிடி ஒருமுறை எதிர்த்துச் சுழன்று மாணிக்கத்தின் மணிக்கட்டை முறித்தது. அன்றிலிருந்து எங்கள் சரிவான வாசலில் வண்டி எப்போதும் பள்ளத்தைப் பார்த்தே நிற்கும். பிரேக்கை விட்டு உருட்டினால் கிளம்பிவிடும். இந்த மலையில் பழைய வண்டி வைத்திருந்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

கொழுந்து பறிக்கும் பார்வதி அப்போது மூன்றாவது தடவையாக முழுகாமல் இருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டன. இந்தத் தடவை வலி கண்டதும் ஏற்றிப்போகிறேன் என்று மாணிக்கம் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவள் வண்டியின் மட்கார்டைத் தொட்டுவிட்டுப் போவாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"இது இங்க நிக்கிறதப் பாத்தாத்தான் டீச்சர், எனக்குத் தூக்கமே வருது."

எண்ணெய் தேய்த்த லீக்ஸ்

அவளுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. காலையில் டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு போன மனிதர், பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மழையில் நடந்து வந்தார். அன்று வண்டியில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் கட்டுகள்தான் இருந்தன. பார்வதி இருந்திருந்தால் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

லீக்ஸ் மறுநாள்தான் தலவாக்கலை போய்ச் சேர்ந்தது. மரக்கறிக் கடைக்காரர் ஒரு கட்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, எனக்குச் சொல்லும்படி மாணிக்கத்திடம் சொல்லியனுப்பினார்.

"எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டித்தான் அனுப்புறீங்க, கொஞ்சம் சீயக்காயும் போட்டிருக்கலாமே டீச்சரம்மா!"

அடுப்பு அணைந்த வீடு

கசிவு என்று தெரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை. வாசலில் பெட்ரோல் இருக்கும்போது நெருப்பு கூடாது என்று அடுப்பை அணைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் வண்டிக்கடியில் படுத்தேன். என் கை சின்னது. மாணிக்கத்தின் கை நுழையாத இடத்தில் நுழையும். பம்ப், காபரேட்டர், குழாய், குழாயின் ஒவ்வொரு மூட்டு என்று முன்பக்கம் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. இருந்தும் குழாயை மாற்றினோம். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே வாசனை.

நான்கு நாளாகப் பழைய ரொட்டியையே தின்ற பிறகு, என்னை டீச்சர் என்றே கூப்பிடும் மாணிக்கம் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இவளுக்கு வீட்டுல ஒரு மொகம், ரோட்டுல ஒரு மொகம் டீச்சர்."

மூக்கும் திருநீறும்

பார்வதியின் புருஷன் கருப்பையாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்து வாடிப் பக்குவமாகிவிட்டதா என்பதை வாசனையிலேயே சொல்லக்கூடியவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று மெல்ல நடந்து வந்தார். பின்பலகைக்குக் கீழே, டேங்கின் கடைசி மூலையில் நின்றார். "இங்கதாண்ணே." தொட்டுப் பார்த்தோம், காய்ந்துதான் இருந்தது. பார்வதி இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து, சாமி கோவிச்சுக்காது என்று சொல்லிக் கொடுத்தாள். டேங்க் முழுக்கப் பூசினோம். ஈரம் பட்டால் கறுக்க வேண்டும். கறுக்கவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பார்வதிதான் பேசினாள். "கூடைய முதுகுல போட்டு மேடு ஏறுனா பாரம் பின்னாலதானே சாயும்? நீங்க இவள எந்நேரமும் பள்ளத்தப் பாத்தே நிப்பாட்டி வச்சிருக்கீங்க." மாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கல்லூரியில் படித்த பாடங்கள் எல்லாம் எனக்கு நினைவு வந்தன; ஒன்றும் உதவவில்லை. வேலை விட்டு வந்த லயக் குடியிருப்பு ஆட்கள் கூடி, தள்ளியும் முட்டுக்கொடுத்தும் வண்டியை மேடு பார்க்கத் திருப்பினார்கள்.

டேங்க் பின்னால் சாய்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். வெள்ளைத் திருநீற்றில், மேல் விளிம்பின் ஒட்டிலிருந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தானாகவே கீழே இறங்கியது. மலை உச்சியில் நின்று முதன்முறையாக ஓர் ஆற்றைப் பார்ப்பதுபோல இருந்தது. கருப்பையா பெண்சாதியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு மூக்குதான் இருக்கு புள்ள, ஒனக்குக் கண்ணு இருக்கு."

பின்னால் கிளம்பிய பயணம்

ஒட்டின் மேல் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேய்த்தேன். பெட்ரோல் சவர்க்காரத்தைக் கரைக்காது. டேங்கைக் கழற்றி ஈயம் வைக்கும்வரை தாங்கும். தாங்குகிறதா என்று பார்க்க வண்டியை மேடு பார்த்தபடியே விட்டிருந்தோம். மறுநாள் மத்தியானம் பார்வதிக்கு வலி வந்துவிட்டது. தள்ள ஆளில்லை, எல்லோரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கம் ஒரு நிமிஷம் யோசித்தார். ரிவர்ஸ் கியரைப் போட்டார், பிரேக்கை விட்டார். வண்டி பின்பக்கமாகவே உருண்டு, வாசல் முடியும் இடத்தில் ஒரு உதறு உதறிக் கிளம்பியது. அந்தச் சத்தத்தைப்போல ஒரு செய்யுளை நான் இதுவரை கேட்டதில்லை.

வழியில் மூன்று ஏற்றம். பார்வதியின் தலை, தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்த கருப்பையாவின் மடியில். நான் ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பின்பலகைக்கு மேல் குனிந்து, மறுகை விரலால் அந்த மூலையைத் தடவிக்கொண்டே போனேன். முதல் ஏற்றத்தில் காய்ந்திருந்தது. இரண்டாவதிலும் காய்ந்திருந்தது. மூன்றாவதின் உச்சியில் ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது. அன்று சாயந்தரம் கதவுக்கு வெளியே பிள்ளையின் குரல் கேட்டபோது மாணிக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எங்களுக்குக் கடைசிவரை அப்படி ஒரு குரல் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. உள்ளே போனேன். பார்வதி களைத்துப்போய்ச் சிரித்தாள்.

"இது அழுவுறதுதான் டீச்சர் நல்லது, ஒங்க வண்டி அழாம இருந்தாச் சரி."

வண்டியும் அதை ஓட்டியவரும் போய்ச் சேர்ந்துவிட்ட இந்த நாளில், என் முழங்கால் வலி எங்கே என்று டாக்டர் கட்டிலில் படுக்கவைத்தே தேடும்போதெல்லாம், மேடு ஏறவிட்டுப் பாருங்கள் ஐயா என்று சொல்ல வாயெடுத்து, தள்ளிவிட ஆளில்லையே என்று சும்மா இருந்துவிடுகிறேன்.